சாந்த்ரின் ரூசோ: எண்கள் வழியே ஓர் அரசியல் வாழ்க்கை

2025 செப்டம்பர் 2

பிரான்ஸின் பசுமைக் கட்சி அரசியல்வாதி சாந்த்ரின் ரூசோ என்றதும் பேச்சு, இறைச்சி சுடும் பார்பெக்யூ பற்றி அவர் 2022-இல் சொன்னதில் போய் நின்றுவிடுகிறது. அவர் எங்கே விழுந்தார், எங்கே எழுந்தார் என்று தெரிய வேண்டுமானால் பிரெஞ்சுச் சட்டம் வைத்திருக்கும் எண்களைப் பார்க்க வேண்டும்.

பிறந்தது 1972 மார்ச் 8, பாரிஸை ஒட்டிய மேசோன்-ஆல்ஃபோரில். லீல் பல்கலைக்கழகத்தில் பொருளியல் விரிவுரையாளர். 2010 முதல் 2015 வரை நோர்-பா-த-கலே மண்டல மன்றத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர். உயர்கல்வியும் ஆராய்ச்சியும் அவர் பொறுப்பு.

2015 டிசம்பர் மண்டலத் தேர்தலில் பசுமைக் கட்சிப் பட்டியலுக்கு அவர்தான் தலைமை. கிடைத்தது 4.83%. இந்தத் தேர்தலில் 10% எடுத்த பட்டியல் இரண்டாம் சுற்றில் நிற்கலாம். 5% தொட்டால் இன்னொரு பட்டியலோடு சேர்ந்துகொள்ளலாம், பிரசாரச் செலவில் ஒரு பகுதியும் அரசிடமிருந்து திரும்ப வரும். 5%-க்குக் கீழே போனால் இரண்டும் இல்லை. நம்மூரில் டெபாசிட் போவதைவிடப் பெரிய அடி இது.

2025 செப்டம்பர் 5

2016-இல் ரூசோ ஓர் அரசியல்வாதிமீது சொன்ன பாலியல் புகாரைப் பற்றி எழுதும்போது பலர் ஒரே தவறைச் செய்கிறார்கள்: "வழக்கு நிற்கவில்லை, ஆகவே புகார் பொய்." அப்படி அல்ல.

2016 மார்ச் 8 அன்று, பெண்கள் மீதான வன்முறையைக் கண்டித்து ஆண் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் உதட்டுச் சாயம் பூசிய படம் வெளியானது. அதில் பசுமை அரசியலின் முக்கியப் புள்ளியும் நாடாளுமன்றக் கீழவையான தேசிய அவையின் துணைத் தலைவருமான தெனி போபேனும் இருந்தார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பல ஆண்டுகளாக உள்ளேயே இருந்த பேச்சு வெளியே வந்தது. மே 9 அன்று மெதியாபார் இணைய இதழும் ஃபிரான்ஸ் அந்தேர் வானொலியும், போபேன் தங்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகச் சொன்ன பெண்களின் சாட்சியங்களை வெளியிட்டன. பெயர் சொல்லிப் பேசியவர்களில் ரூசோவும் ஒருவர். போபேன் குற்றச்சாட்டுகளை மறுத்தார், இன்றுவரை ஏற்கவில்லை. துணைத் தலைவர் பதவியிலிருந்து மட்டும் அன்றே விலகினார்.

இப்போது கணக்கு. ரூசோ சொன்ன சம்பவம் 2011 அக்டோபரில் நடந்தது. அப்போது பாலியல் தாக்குதலுக்கு வழக்குத் தொடரும் கால வரம்பு 3 ஆண்டு. 2014 அக்டோபரோடு அது முடிந்துவிட்டது. 2017 பிப்ரவரி 27 சட்டம் அந்த வரம்பை 6 ஆண்டாக்கியது. ஆனால் ஏற்கெனவே காலாவதியான வழக்கைப் புதிய சட்டம் உயிர்ப்பிக்காது. 2017 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் கோப்பை மூடினார். சொல்லப்பட்டவற்றில் சில குற்றமாகக் கருதத் தக்கவை, ஆனால் காலம் கடந்துவிட்டது என்பதையும் அவரே அறிவித்தார். இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு எழுதுவது அநியாயம்.

2025 செப்டம்பர் 6

நேற்றையதன் தொடர்ச்சி. புகார் சொன்னவர்கள் மீதும் அதை வெளியிட்ட பத்திரிகையாளர்கள் மீதும் போபேன் அவதூறு வழக்குப் போட்டார். 2019 பிப்ரவரியில் விசாரணை. பிரான்ஸில் அவதூறு 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டத்தின் கீழ் வரும். இதில் எதிராளிக்கு இரண்டு வழி. ஒன்று, சொன்னது உண்மை என்று நிரூபிப்பது. அதற்கு அழைப்பாணை கிடைத்த 10 நாளுக்குள் ஆவணங்களையும் சாட்சிகளின் பெயர்களையும் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்த வழி அடைபட்டுவிடும். மற்றொன்று நல்லெண்ணம். பத்திரிகையாளருக்கு இதில் நான்கு சோதனை உண்டு: பொதுநல நோக்கம், தனிப்பட்ட பகையின்மை, சொல்லில் நிதானம், கையில் தகுந்த விசாரணை.

2019 ஏப்ரல் 19 அன்று பத்திரிகையாளர்கள், சாட்சி சொன்னவர்கள் அனைவரும் விடுதலை. வழக்கு உரிமையைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக ஒவ்வொருவருக்கும் 1,000 யூரோ தரும்படி போபேனுக்கு உத்தரவு. தொகை சிறியதுதான். காலாவதியான புகாரைச் சொன்ன பெண்கள், குற்றம் சாட்டப்பட்டவர் போட்ட வழக்கின் வழியாகவே திறந்த நீதிமன்றத்தில் பேச முடிந்தது என்பதுதான் இதில் கனமான விஷயம்.

2025 செப்டம்பர் 11

2021 செப்டம்பர், பசுமை அணியின் அதிபர் வேட்பாளர் தேர்வு. 16 வயது நிறைந்த யாரும் வாக்களிக்கலாம்; 2 யூரோ கட்டி, கொள்கைப் பட்டயத்தை ஏற்று, இணையத்தில் பதிய வேண்டும். கட்சி அட்டை தேவையில்லை. முதல் சுற்றில் யானிக் ஜாடோ 27.70%, ரூசோ 25.14%. தெல்ஃபின் பத்தோவும் எரிக் பியோலும் 22% சொச்சத்தில் அருகருகே. இரண்டாம் சுற்றில் ஜாடோ 51.03%, ரூசோ 48.97%. ஒரு லட்சத்துக்குச் சற்று மேலான வாக்குகளில் வித்தியாசம் இரண்டாயிரம் அளவுதான்.

2025 செப்டம்பர் 14

பார்பெக்யூவுக்கு வருவோம். 2022 ஆகஸ்ட் இறுதி, கிரெனோபிலில் கட்சியின் கோடைக்கூட்டம். பார்பெக்யூவில் சுட்ட மாட்டிறைச்சி ஆண்மையின் அடையாளமாக இருப்பது மாற வேண்டும் என்றார். இறைச்சியைத் தடை செய்யச் சொன்னதாக அது திரிக்கப்பட்டது.

பிரான்ஸில் 15,000 பேரின் தரவை வைத்து 2025-இல் வந்த ஒரு பொருளியல் ஆய்வைப் பாருங்கள்: உணவிலும் போக்குவரத்திலும் பெண்களின் கார்பன் உமிழ்வு ஆண்களுடையதைவிட 26% குறைவு. வருமானம், பயண தூரம், உண்ணும் அளவு எல்லாவற்றையும் கழித்த பிறகும் மிஞ்சும் வேறுபாட்டில் பெரும்பகுதி சிவப்பு இறைச்சிக்கும் காருக்கும் போகிறது. 1974-இல் பிரான்ஸுவாஸ் தோபோன் பிரெஞ்சில் உருவாக்கிய 'சூழல் பெண்ணியம்' என்ற சொல், மண்ணையும் பெண் உடலையும் ஒரே ஆதிக்கம்தான் சுரண்டுகிறது என்றது. ரூசோ அதைத் தட்டில் வைத்துக் காட்டினார், அதுதான் சுட்டது.

2025 செப்டம்பர் 20

2022 ஜூனில் தேசிய அவைத் தேர்தலில் ரூசோ பாரிஸின் 9-ஆம் தொகுதியில் வென்றார். 2024 ஜூன் 30 அன்று முதல் சுற்றிலேயே வெற்றி. அதற்குப் பதிவான செல்லும் வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும்; கூடவே அந்த வாக்குகள், பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் கால் பங்காவது இருக்க வேண்டும்.

அவர் தலைமையேற்ற தேசிய அவை விசாரணைக் குழுவை விரிவாகச் சொல்ல வேண்டும். திரைத்துறை, மேடைக்கலை, விளம்பரம், ஃபேஷன் ஆகிய துறைகளில் நடக்கும் வன்முறை பற்றியது. நடிகை ஜூதித் கோத்ரேஷ் கேட்டுப் பிறந்தது. இத்தகைய குழுவின் ஆயுள் 6 மாதம். சாட்சி சத்தியம் செய்தாக வேண்டும். வர மறுத்தால் 2 ஆண்டு சிறையும் 7,500 யூரோ அபராதமும் வரை போகலாம். நீதிமன்றத்தில் இருக்கும் குற்றங்களுக்குள் குழு நுழையக்கூடாது, ஆகவே தனி ஆளை விட்டு நடைமுறையைத்தான் விசாரிக்க முடியும்.

2024 மே மாதம் அமைத்தார்கள். ஜூன் 9 அன்று அவை கலைக்கப்பட்டதும் குழுவும் செத்தது. அக்டோபரில் மறுபடி தீர்மானம், மறுபடி முதலிலிருந்து. 350 பேர் அளவில் விசாரித்து, 2025 ஏப்ரலில் 86 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. எழுதியவர் வேறு அணியைச் சேர்ந்த எர்வான் பலனான். அறிக்கை வெளியானதோடு குழுவின் அதிகாரம் முடிந்துவிட்டது. படப்பிடிப்பில் சிறுவர் ஒருவர் இருந்தால் அவரோடு பொறுப்பான ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும் என்ற பரிந்துரை கூட, இனி விதியாக எழுதப்பட்டால்தான் தளத்தில் நடக்கும்.