முதலை வாசல்

நேற்று சாமான் வாங்கக் கொழும்பு புறக்கோட்டைக்குப் போனபோது மகள் கேட்டாள், "கோட்டை கோட்டை என்கிறோமே அப்பா, கோட்டை எங்கே?"

நல்ல கேள்வி. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டிய மதிலை ஆங்கிலேயர் 1870 அளவில் இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் பஸ் கண்டக்டர்களின் வாயில் வாழ்கிறது.

அவளைக் கெய்மன் கேட் மணிக்கூண்டுக்குக் கூட்டிப்போனேன். ஒல்லாந்து மொழியில் கெய்மன் என்றால் முதலை வகை. கோட்டையைச் சுற்றிய தண்ணீரில் முதலைகள் கிடந்ததால் வாசலுக்கு அந்தப் பெயராம். வாசல் போய்விட்டது, மணி நிற்கிறது. பக்கத்தில் மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமி அண்ணன் வண்டியைச் சாய்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பிரிஸ்டல் வீதியில் மிஞ்சியிருக்கும் டெல்ஃப்ட் வாசல். தடித்த சுவரில் உள்ளங்கையை வைத்து, "குளிருது" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பெர்லினின் பிராண்டன்பர்க் வாசலையும் பம்பாயில் 1924இல் திறந்த இந்திய வாசலையும் படத்திலாவது பார்க்காதவர் இல்லை. நம் வாசல்களைத் தினமும் கடக்கிறோம், நிமிர்ந்து பார்ப்பதில்லை. புறக்கோட்டைப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அடுத்தது காலிக் கோட்டை. அங்கே பழைய வாசலின் உட்பக்கம் 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்தர் சின்னம், மேலே ஒரு சேவல். அதைப் பார்க்க இப்போதே நாள் எண்ணுகிறாள்.