கடைசி வாங்கில் இருப்பவருக்கும் விளங்க வேண்டும்

எங்கள் தமிழாசிரியர் பேச்சுப் போட்டிக்குத் தலைப்பைக் கொடுத்ததும் யாரையும் எழுத விடமாட்டார். "யாருக்கு முன்னால் பேசப் போகிறாய்? முதலில் அதைச் சொல்" என்பார். "சபைக்கு முன்னால்" என்ற பதில் அவரிடம் செல்லாது. முன்வரிசையில் யார், பின்வரிசையில் யார், இந்த விடயத்தில் அவர்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும், எழுந்து போகும்போது எதை நினைத்துக்கொண்டு போக வேண்டும்: இவற்றுக்கு ஒவ்வொரு வரியாவது கொப்பியில் எழுதிக் காட்டிய பிறகுதான் பேச்சின் முதல் வசனத்துக்கு அனுமதி கிடைக்கும்.

திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல், அதற்கு அடுத்தது அவையஞ்சாமை. "அதிகாரங்களின் வரிசையைப் பார். ஆட்களை அறிந்த பிறகுதான் அச்சம் போகும்" என்பது அவர் தந்த விளக்கம். மேடை நடுக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்தை நான் இன்றுவரை காணவில்லை. 'என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்' என்ற எண்ணத்தில்தான் நாக்கு வறள்கிறது. 'இவர்களுக்கு எப்படிச் சொன்னால் விளங்கும்' என்று கவனம் திரும்பிவிட்டால் நடுங்குவதற்கு நேரமே இருப்பதில்லை.

ஒத்திகையை அவர் நடத்தும் விதம் இன்னும் கண்முன் நிற்கிறது. பேச்சை எழுதியவனை மண்டபத்தின் கடைசி வாங்கில் இருத்திவிட்டு, வேறொருவனை மேடையில் ஏற்றி அதை வாசிக்கச் சொல்வார். ஒருமுறை என் வகுப்புத் தோழனின் பேச்சில் இப்படி ஒரு வசனம் வந்தது: "நூலகத்திலிருந்து பெற்ற புத்தகங்களை உரிய காலத்தில் ஒப்படைக்காது வீட்டில் வைத்திருந்து பின்னர் தொலைத்துவிட்டதாகக் கூறும் மாணவர்களால் ஏற்படும் இழப்பை அனைவரும் உணர வேண்டும்." இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அதுவரை கேட்பவர் எல்லாவற்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். தாளில் படிக்கும் கண் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், காதுக்கு அந்த வசதி இல்லை. ஆசிரியர் பென்சிலை எடுத்து அதை உடைத்தார். "நூலகத்தில் புத்தகம் எடுக்கிறோம். வீட்டில் வைத்துக்கொள்கிறோம். கேட்டால், தொலைந்துவிட்டது என்கிறோம். அடுத்தவனுக்கு அந்தப் புத்தகம் இல்லை." 'மாணவர்கள்' போய் 'நாம்' வந்ததைக் கவனியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களாக இருந்த சபையினர் அந்த ஒரு மாற்றத்தால் பேச்சாளனின் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது 1863 நவம்பர் 19ஆம் திகதி அமெரிக்காவின் கெட்டிஸ்பேர்க்கில், உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் மயானத்தை அர்ப்பணித்த விழாவில் நடந்ததை எடுப்பார். முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். பின்னர் எழுந்த ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் இரண்டு மூன்று நிமிடங்களில் முடித்துக்கொண்டார். உலகம் நினைவில் வைத்திருப்பது லிங்கனின் பேச்சைத்தான். ஆனாலும் எவரெட்டை இளக்காரமாகப் பேச எங்கள் ஆசிரியர் இடம் தரமாட்டார். அன்றைய மக்கள் நீண்ட உரையை எதிர்பார்த்தே வந்திருந்தார்கள், அவர் அதைக் கொடுத்தார் என்பார். இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சுருக்கம் என்பதற்காகவே ஒரு பேச்சு நல்லதாகிவிடாது. வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதுதான் அளவுகோல்.

இன்று நம் பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலில் மேடையேறுபவர் முன்னால் மூன்று தலைமுறைகள் இருக்கின்றன. பழைய அதிபரின் பெயரைச் சொன்னதும் மூத்தவர்களின் முகம் மலர்கிறது. அதே கணத்தில் பேரப்பிள்ளைகள் கைபேசியை எடுக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் மட்டும் அவர்களுக்கு எதையும் தராது. அந்த மனிதர் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லி, பெயரைப் பிறகு சொன்னால் இரு சாராரும் கேட்கிறார்கள். நான் பேச்சை எழுதியதும், தமிழைக் கேட்டு மட்டும் பழகிய பிள்ளை ஒருவரை எதிரில் இருத்தி வாசித்துக் காட்டுவது வழக்கம். "அப்படியென்றால்?" என்று கேட்கும் இடங்களையெல்லாம் மாற்றிவிடுவேன். பெரியவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள், பிள்ளைகள் அப்படிச் செய்வதில்லை.

முழுவதையும் மனனம் செய்யத் தேவையில்லை. முதல் வசனமும் கடைசி வசனமும் மனத்தில் இருக்கட்டும், நடுவில் உள்ளவற்றுக்குச் சிறு அட்டையில் குறிப்புகள் போதும். சபை சிரித்தால் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருங்கள். சிரிப்புக்கு நடுவே பேசினால் அடுத்த வசனம் வீணாகிவிடும்.

பத்து நிமிடம் என்று அழைத்துவிட்டு, ஐந்தில் முடியுங்கள் என்று துண்டு அனுப்பும் வழக்கம் எல்லா விழாக்களிலும் உண்டு. அப்போது பலர் வேகத்தைக் கூட்டுகிறார்கள், யாருக்கும் எதுவும் விளங்குவதில்லை. எந்தப் பகுதியை விடலாம் என்று முன்கூட்டியே ஓரத்தில் கோடிட்டு வைத்திருந்தால் பதற வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பேச இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் யார் யார் வருகிறார்கள், தமக்கு முன்னால் என்ன நிகழ்ச்சி நடக்கிறது என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்று சற்று முன்னதாகவே வந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் சிறிது நேரம் இருந்து பாருங்கள்.