இறக்குவது பம்ப் அல்ல

நரம்புத் துடிப்பு, அதாவது நரம்பு செல்லில் மின்னழுத்தம் நொடிநேரம் ஏறி இறங்குவது, பற்றிய விடைத்தாள்களில் மாறாமல் வரும் தப்பு ஒன்று: "உள்ளே புகுந்த சோடியத்தை பம்ப் வெளியே தள்ளுவதால் மின்னழுத்தம் பழைய நிலைக்குத் திரும்புகிறது." பம்ப் என்பது செல்லின் சவ்வில் இருந்து சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளும் புரதம்; அதற்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஊசிக் கணவாயின் தடித்த ஆக்ஸானில் (நரம்பு செல்லின் நீண்ட இழையில்) பம்பை மருந்தால் நிறுத்திவிட்டாலும், ஆயிரக்கணக்கான துடிப்புகள் சாதாரணமாகவே ஓடும். பம்பின் வேலை நீண்டகாலக் கணக்கைச் சரிக்கட்டுவது.

ஏற்றம், இறக்கம் இரண்டுமே சோடியம், பொட்டாசியம் கால்வாய்களின், அதாவது அவை சவ்வைக் கடக்கும் புரதத் துளைகளின், கைவேலை. ஓய்வில் செல்லின் உட்புறம் சுமார் -70 மில்லிவோல்ட். அது -55-ஐ ஒட்டி வந்தால் சோடியம் கால்வாய்கள் திறக்கும். புகுந்த சோடியம் உட்புறத்தை இன்னும் நேர்மின்னாக்க, மேலும் கால்வாய்கள் திறக்கும். விட்டால் +60 வரை போகும். ஆனால் +40 பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. காரணம், திறந்த சோடியம் கால்வாயை ஒரு மில்லிசெகண்டுக்குள் அதன் சொந்தப் புரதச் சுருளே உள்பக்கமிருந்து அடைத்துவிடும். பொட்டாசியம் கால்வாயும் அதே தூண்டலுக்குத்தான் திறக்கிறது, ஆனால் சோம்பேறி. அது திறக்கும் நேரமும் சோடியம் அடைபடும் நேரமும் ஒன்றுசேர, பொட்டாசியம் வெளியேறி மின்னழுத்தம் சரிகிறது. மூடுவதிலும் அதே சோம்பல். அதனால்தான் ஓய்வு அளவையும் தாண்டிச் சற்று கீழே போய் மீள்கிறது.

1952-இல் விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இந்தத் துடிப்புக்கு எழுதிய சமன்பாட்டில் பொட்டாசியம் கால்வாய்க்கு நான்கு கதவுகள்; நான்கும் திறந்தால்தான் கால்வாய் திறக்கும். வெறும் வளைகோட்டுப் பொருத்தத்தில் வந்த எண் அது; பின்னாளில் பார்த்தால் அந்தக் கால்வாய் நிஜமாகவே நான்கு துண்டுகளால் ஆனது!

அடைபட்ட சோடியம் கால்வாய், உட்புறம் மறுபடி நன்றாக எதிர்மின்னாகும்வரை விடுபடாது. ரத்தத்தில் பொட்டாசியம் இயல்பான அளவான லிட்டருக்கு 3.5–5 மில்லிமோலைத் தாண்டி வெகுவாக ஏறினால் தசை துள்ளாமல் துவள்வது இதனால்தான். வெளியே பொட்டாசியம் கூடினால் உள்ளிருப்பது வெளியேறுவது குறைந்து, செல் எந்நேரமும் பாதி ஏறிய நிலையில் கிடப்பதால், துடிப்பு எழாமலே கால்வாய்கள் அடைபட்டுப் போகின்றன.

பல் டாக்டர் மரத்துப்போக ஊசியில் போடும் லிக்னோகெய்னும் இதே சோடியம் கால்வாயை உள்பக்கமிருந்துதான் மறிக்கிறது. மருந்தின் மின்னேற்றம் இல்லாத வடிவம் மட்டுமே சவ்வைக் கடக்கும். சீழ் கட்டிய ஈறில் அமிலத்தன்மை கூடுவதால் அந்த வடிவம் குறைந்துவிடுகிறது. ஊசி போட்ட பிறகும் வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. சீழ் இல்லாத இடத்தில், நரம்பின் மேல்பகுதியில் (மூளைக்கு நெருக்கமான பக்கத்தில்) போட்டால் பெரும்பாலும் பிடிக்கும்.