பில்லிங் டேட்டாபேஸில் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

ஹோஸ்டிங் தொழிலில் பில்லிங் டேட்டாபேஸ் பத்து ஜிபியைத் தாண்டினாலே பெரிய சர்வருக்கு மாறும் பேச்சு வந்துவிடும். அதற்கு முன், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தன் டேபிள்களின் விவரங்களை வைத்திருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் ஒவ்வொரு டேபிளின் டேட்டா அளவையும் இண்டெக்ஸ் அளவையும் கூட்டி, பெரியது மேலே வரும்படி அடுக்கிப் பாருங்கள். இன்வாய்ஸ் டேபிள் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 3000 வாடிக்கையாளர்கள், ஆளுக்கு மாதம் ஒரு இன்வாய்ஸ் என்றால் வருடத்துக்கு 36,000. ஒவ்வொன்றிலும் மூன்று வரி (ரோ, அதாவது டேபிளில் ஒரு பதிவு) இருந்தாலும் 1,08,000 வரிகள்தான். மைஎஸ்க்யூஎல்லுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் புது பில், நினைவூட்டல், கெடு தாண்டிய எச்சரிக்கை, பணம் வந்த ரசீது என்று ஒரு இன்வாய்ஸுக்கு நாலு மெயில் போகிறது. மெயில் ஒன்று 15 கேபி, அதன் நகல் டேட்டாபேஸிலேயே தங்குகிறது என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 2 ஜிபிக்கு மேல் மெயில் மட்டுமே. டபிள்யூஹெச்எம்சிஎஸ் போன்ற ஹோஸ்டிங் பில்லிங் மென்பொருளில் ஏதோ ஒரு சிக்கலுக்காக மாட்யூல் டீபக் லாகை (பிழை தேடுவதற்கான பதிவேடு) ஆன் செய்து, அணைக்காமல் விட்டிருந்தால் அது தனிக்கதை. டொமைன் ரெஜிஸ்ட்ராரோடும் சர்வர் பேனலோடும் நடக்கும் ஒவ்வொரு ஏபிஐ உரையாடலும் முழுசாக வந்து விழும்.

ஆக, உள்ளே இருப்பது இரண்டு சரக்கு. ஒன்று காசுக் கணக்கு, இன்னொன்று லாக். லாகுக்கு 90 நாளோ 180 நாளோ ஒரு கெடு வைத்து அழித்துக்கொண்டே இருக்கலாம். காசுக் கணக்கில் கை வைக்கக்கூடாது.

லாகை அழிப்பதிலும் சூட்சுமம் உண்டு. நாற்பது லட்சம் வரிகளை ஒரே டிலீட்டில் தூக்கினால், அது முடியும்வரை வரிகள் பூட்டிக் கிடக்கும், மாற்றத்தைத் திரும்பப் பெறுவதற்கான அன்டூ லாக் பெருக்கும், ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல் சர்வர்) பின்தங்கும். பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி எண்) வரிசையில் 5000, 5000 ஆக அழித்து, நடுவே ஒரு நொடி மூச்சு விடுங்கள். இவ்வளவும் செய்து டிஸ்கைப் பார்த்தால் இடம் அப்படியே இருக்கும். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல் டேபிள்களைச் சேமிக்கும் எஞ்சின்) காலியான இடத்தைத் தன் ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் திருப்பித் தராது. ஆப்டிமைஸ் டேபிள் கொடுத்தால் ஃபைல் சுருங்கும். ஆனால் அது டேபிளைப் புதிதாகக் கட்டி எழுதுவதால், மிஞ்சிய டேட்டா அளவுக்கு டிஸ்கில் காலி இடம் கேட்கும். டிஸ்க் நிரம்பும் தறுவாயில் இதை ஓட்டினால் நடுவழியில் நிற்கும். பத்தில் ஒன்பது பங்கு போகப்போகிறது என்றால், டிலீட்டை விட, வேண்டிய வரிகளை மட்டும் புது டேபிளுக்கு நகலெடுத்து, ஒரே ரீநேம் கட்டளையில் இரண்டின் பெயரையும் மாற்றிவிட்டு, பழையதை டிராப் செய்வது வேகம். நகலெடுக்கும் நேரத்தில் புதிதாக விழும் வரிகள் விடுபடும். லாகுக்கு அது பரவாயில்லை.

காசுப் பக்கத்துக்கு வருவோம். வாடிக்கையாளர் விலகிப் போனால் கணக்கை மூடுங்கள், அழிக்காதீர்கள். டேபிள்களை இணைக்கும் ஃபாரின் கீயில் டிலீட் கேஸ்கேட் (ஒன்றை அழித்தால் சார்ந்ததும் அழியும்) இருந்தால் உடனே ரெஸ்ட்ரிக்ட் (சார்ந்தது இருக்கும்வரை அழிக்க விடாது) ஆக்குங்கள். இல்லாவிட்டால், ஒரு வாடிக்கையாளரை அழித்தால் அவருடைய ஐந்து வருட இன்வாய்ஸும் சத்தமில்லாமல் சேர்ந்து போகும். தொகைக்குத் துல்லியமாகச் சேமிக்கும் டெசிமல் வகைதான், தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் கூடவே கூடாது. டாக்ஸ் விகிதம், விலை, முகவரி எல்லாம் பில் போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இன்வாய்ஸிலேயே பதிவாக வேண்டும்.

தொழில் வளரும்போது உண்மையான தலைவலி ஒரே பில் இரண்டு முறை விழுவது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் கிரான் வேலை ஆரம்பத்தில் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். கணக்குகள் கூடக் கூட அது ஏழு நிமிடம் இழுக்கும். முதலாவது முடியுமுன் அடுத்தது கிளம்பி, இரண்டும் ஒரே சர்வீஸுக்கு இன்வாய்ஸ் போடும். எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளையைக் கொண்டு ஒன்று ஓடும்போது மற்றது ஓடாமல் தடுக்கலாம். ஆனால் இரண்டு சர்வரில் கிரான் இருந்தால் அது உதவாது. நம்பகமான காவல், சர்வீஸ் ஐடி, பில்லிங் காலத்தின் தொடக்கத் தேதி இரண்டுக்கும் சேர்த்து இன்வாய்ஸின் வரிகள் உள்ள டேபிளில் போடும் யுனிக் கீ (ஒரே மதிப்பு இரண்டாம் முறை நுழையவிடாத விதி).

பேமெண்ட் கேட்வேயிலும் இதே கதைதான். நம் சர்வரிடமிருந்து நேரத்துக்குப் பதில் வராவிட்டால், பணம் வந்ததைச் சொல்லும் அதே வெப்ஹுக்கை (தானியங்கிச் செய்தி) அது திரும்ப அனுப்பும். கேட்வே பெயர், பரிவர்த்தனை ஐடி, வகை (வரவா, ரீஃபண்டா) மூன்றுக்கும் சேர்த்து யுனிக் கீ போடுங்கள். வகையை விட்டால், சில கேட்வேக்களில் ரீஃபண்டும் அதே ஐடியோடு வந்து மாட்டிக்கொள்ளும். டூப்ளிகேட் என்று இன்செர்ட் தோற்றாலும் 200 (வெற்றி என்னும் ஹெச்டிடிபி குறியீடு) என்றே பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும்.

மாதக்கடைசித் தேதியும் கவனிக்க வேண்டியது. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28, அதோடு கூட்டினால் மார்ச் 28. அதன்பின் அந்த வாடிக்கையாளர் 31-க்குத் திரும்பவே மாட்டார். முதல் பில் தேதியின் நாள் எண்ணை டேபிளில் தனி நெடுவரிசையில் வைத்து, ஒவ்வொரு மாதமும் அதிலிருந்தே கணக்கிடுங்கள்.

வேகத்துக்குப் பெரிய வித்தை தேவையில்லை. நிலை, கெடு தேதி இரண்டுக்கும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ். மெதுவான குவெரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாகின் இயல்பு வரம்பு 10 நொடி, அதை 1 ஆக்குங்கள். டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூல் இயல்பாக 128 எம்பிதான், அதையும் உயர்த்துங்கள்.

மைஎஸ்க்யூஎல்டம்ப் கொண்டு பேக்கப் எடுக்கும்போது சிங்கிள் டிரான்சாக்‌ஷன் ஆப்ஷன் போட்டால் இன்னோடிபி டேபிள்கள் ஒரே கணத்தின் நிலையில் கிடைக்கும். மைஐஎஸ்ஏஎம் என்ற பழைய எஞ்சினின் டேபிள் மிச்சமிருந்தால் அதற்கு இந்த உத்தரவாதம் கிடையாது. இப்படி எடுத்த நகல் (டம்ப்) மட்டும் போதாது. சர்வர் பாஸ்வேர்டுகளை என்க்ரிப்ட் செய்த சாவி பில்லிங் மென்பொருளின் கான்ஃபிகரேஷன் ஃபைலில் இருக்கிறது. அது போனால் அந்தப் பாஸ்வேர்டு நெடுவரிசைகள் வெறும் குப்பை. சாவியை டம்போடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

ரீஸ்டோர் செய்து பார்க்கும்போது மாதவாரியாக வரவான தொகையைக் கூட்டி அசலோடு ஒப்பிடுங்கள். அந்தச் சோதனை சர்வரில் பில்லிங் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே கிரானையும் வெளியே போகும் மெயிலையும் அணைத்துவிட வேண்டும். மறந்தால், நேற்றைய நகல் இன்று பணம் கட்டியவருக்கும் பாக்கி மெயில் அனுப்பி, அவர் சைட்டையும் சஸ்பெண்ட் செய்துவிடும்.