மூன்று வளையங்கள்

சித்திர மாஸ்ரர் காலமாகிவிட்டார் என்ற செய்தி பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வந்தபோது நான் மேசையில் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது ஒரு குட்டி விமானத்தின் விசிறி. 48இல் ஒரு பங்கு அளவு. ஒவ்வோர் இதழின் நுனியிலும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பட்டி. ஒரு பட்டியின் அகலம் இரண்டு மில்லிமீற்றர். சங்கத்தின் ஆண்டு மலர்க்குழு என்னிடம் கேட்டது விடுதி வாழ்க்கையைப் பற்றிய கட்டுரை. மன்னிக்க வேண்டும், எனக்கு அவரைப் பற்றித்தான் எழுத வருகிறது.

1971, எட்டாம் வகுப்பு. கண்காட்சிக்காக முள்முருக்கங் கட்டையில் ஒரு புரூஸ்ரர் பஃபலோ செதுக்கினேன். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களில் இறங்கிய முதல் ஒற்றைத்தட்டு (ஒரே அடுக்கு இறக்கை) சண்டை விமானம் அது. யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் ஒரு புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்திருந்தேன். வெள்ளி உடல், மேற்புறம் முழு மஞ்சளாக இறக்கை, விசிறி நுனிகளில் அந்த மூன்று நிறம். உண்மையான விமானத்தில் ஒரு பட்டி நான்கு அங்குலம். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. கப்பல் தளத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கு அதன் எல்லை தெரியவேண்டும் என்றுதான் நுனிக்கு நிறம் அடித்தார்கள். நான் செய்தது 24இல் ஒரு பங்கு. ஆகவே நாலு மில்லிமீற்றர். அடிமட்டம் வைக்காமல் கையாலேயே இழுத்தேன். பார்க்க நேராகத்தான் இருந்தது.

திறப்பு விழாக் காலையில் மாஸ்ரர் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் மேசையில் குனிந்தார். விசிறியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது சுற்றியது. மூன்று வளையம் தெரியவேண்டிய இடத்தில் சேற்று நிறத்தில் ஒரே வளையம். ஓர் இதழில் மஞ்சள் இருந்த தூரத்தில் அடுத்த இதழில் சிவப்பு இருந்திருக்கிறது.

"விசிறியைக் கழட்டு தம்பி. மற்றது இருக்கட்டும்."

வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. மூக்கில் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, என் விமானம் இரண்டு நாளும் அந்த மேசையில் இருந்தது. பின்னேரம் ஐயா சைக்கிளில் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு விசிறி இல்லையோ?" என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். அன்றைக்கு மாஸ்ரரை வெறுத்த மாதிரி வேறு யாரையும் நான் வெறுத்ததில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் சித்திர அறைக்கு வரச் சொன்னார். போனேன். ஒரு வெள்ளைத் தாளில் கவராயத்தால் நான்கு வட்டம் கீறினார், ஒன்றுக்கொன்று சரியாக நாலு மில்லிமீற்றர் இடைவெளி. விசிறியின் நடுத் துளையில் குண்டூசி குத்தி, வட்டங்களின் மையத்தில் நிறுத்தினார். வட்டம் இதழைத் தொடும் இடங்களில் பென்சிலால் புள்ளி. அவ்வளவுதான். எந்த இதழை எந்தப் பக்கம் திருப்பினாலும் மையத்திலிருந்து தூரம் ஒன்றுதான்.

நுனிக்கு முதலில் வெள்ளை, அது காய்ந்ததும் மூன்று பட்டியின் இடத்துக்கும் சேர்த்து மஞ்சள். அப்புறம் இரண்டு நாள் தொடக்கூடாது. செலோரேப்புக்குத் தட்டுப்பாடான காலம். தபால் முத்திரைத் தாள்களின் ஓரத்தில் பசையோடு வரும் வெள்ளைத் துண்டுகளை அவர் ஓர் உறையில் சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒன்றை பிளேட்டால் நாலு மில்லிமீற்றருக்கு வெட்டி, நனைத்து, நடுப் பட்டியின்மேல் சுற்றி ஒட்டச் சொன்னார். நான் சிவப்பைத் தொட்டதும் கையைப் பிடித்தார்.

"பொறு. ஒட்டின விளிம்பிலை திரும்பவும் மஞ்சளைத் தடவு. ஒழுகினால் மஞ்சள்தானே ஒழுகும். அது அடைச்சுப்போடும். பிறகு சிவப்பு உள்ளுக்குப் போகாது."

வெள்ளிக்கிழமை ஈரத் துணியை வைத்து அந்தத் துண்டை உரித்தோம். உள்ளே மஞ்சள், கத்தியால் வெட்டிய மாதிரி. விசிறியை ஆணியில் போட்டு அவர் ஊதினார். சிவப்பு, மஞ்சள், நீலம், மூன்று வளையம் தனித்தனியாக நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் ஊதினார்.

1984இல் நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இரவோடு இரவாகப் போன பயணம், சரி. ஆனால் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்த பிறகு ஒரு கடிதம் எழுத என்ன தடை இருந்தது? விமானமும் விசிறியும் வீட்டோடு போய்விட்டன. நூலகம் அதற்கு முன்பே, 1981இல் எரிந்துவிட்டது.

2019 டிசம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறந்தேன். 1947இல் இலங்கையின் எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் டகோட்டா விமானம், சென்னை போகும் வழியில் இறங்கிய இடம் அது. நான் வந்த ஏரிஆர் விமானத்துக்கு ஆறு இதழ் விசிறி. இறங்கியதும் படிக்கட்டடியில் நின்று அதைப் பார்த்தேன், யாரோ நகரச் சொல்லும்வரை. பெட்டியில் அவருக்கென்று பெயின்ற் அடிக்கும்போது மறைத்து ஒட்டும் தமியா மஞ்சள் ரேப் இரண்டு சுருள் இருந்தது. ஆறு மில்லிமீற்றர் அகலம், பெயின்றை உரிக்காது, எச்சில் தேவையில்லை. அதைக் காட்டினால் அவர் என்ன சொல்வார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கலியாண வீடு, காணி அலுவல் என்று நான்கு நாள் போய்விட்டது. அவர் வீடு சைக்கிள் ஓட்டத்தில் பத்து நிமிடம். அடுத்த வருடம் ஆறுதலாக வந்து பார்ப்போம் என்று நினைத்தேன். அடுத்த வருடம் கொரோனா. பலாலிக்கு விமானம் திரும்பவும் வர 2022 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் நான் போகவில்லை.

செய்தி வந்த அன்று மஞ்சள் பட்டியின்மேல் நான் சுற்றியிருந்தது அந்தச் சுருளிலிருந்து வெட்டிய ரேப்தான். மற்றச் சுருள் இன்னும் பிரிக்கவில்லை.