திருகோணமலையில் முதியோர் இல்லம்: காணி முதல், காசு பிறகு

முதியோர் இல்லம் கட்ட மாகாண நிதி கேட்டுப் போகும்போது எல்லோரும் கட்டட வரைபடத்தைத்தான் முதலில் கொண்டுபோகிறோம். அலுவலகத்தில் கேட்பதோ காணியின் நில அளவைப் படம். அது இல்லாத கோப்பு மேசையை விட்டு நகராது.

அரச காணி என்றால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம், கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, காணி உத்தியோகத்தர் இடம் பார்ப்பது, அளவை, அதன் பிறகு மாகாணக் காணி ஆணையாளர். வன, தொல்லியல் திணைக்களங்களின் கடிதங்களையும் இதே வேளையில் கேட்டுவிடுங்கள். ஒன்று முடிந்து மற்றது என்று காத்திருந்தால் ஓர் ஆண்டு போய்விடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையிலிருந்து 300 மீற்றருக்குள் காணி இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கிணற்றுத் தண்ணீரை ஆவணி, புரட்டாதியில் சோதியுங்கள். மாரியில் நன்றாக இருக்கும் தண்ணீர் கச்சான் காற்றுக் காலம் முடியும்போது உவர்க்கும்.

பெரும்பாலும் எதிர்பார்ப்பது பி.எஸ்.டி.ஜி. பணம், அதாவது மாகாண அபிவிருத்தி வேலைகளுக்கு மத்திய அரசு தரும் கொடை. நிதியாண்டு டிசம்பர் 31உடன் முடிகிறது, செலவழியாத ஒதுக்கீடு அதோடு போய்விடும். இங்கேதான் திருகோணமலைக்கு அடி விழுகிறது. ஆண்டின் தொடக்கத்தில் ஒதுக்கீடு, நடுவில் கேள்விகோரல், ஆடியில் ஒப்பந்தம். ஒப்பந்தகாரர் அத்திவாரக் கிடங்கு வெட்டி முடிக்க ஐப்பசி மழை பிடித்துவிடும். கிடங்கில் தண்ணீர் நிற்க, பில் போட ஒன்றும் இருக்காது. அடுத்த ஆண்டுப் பணத்தில் முதல் பங்கு இந்த மிச்ச வேலைக்கே போகும். தளபாடம், மின்சாரம் எல்லாம் பின்னால் தள்ளப்படும். அதனால் காணி, வரைபடம், ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் எழுதும் விலைப்பட்டியல் மூன்றையும் முந்திய ஆண்டே முடித்து, சித்திரைக்குள் ஒப்பந்தம் எழுதவைக்கப் பாருங்கள். வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தாலும் மொத்த மதிப்பீட்டுக்கு ஒரே தடவையில் ஒப்புதல் வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டாம் கட்டம் புதிய திட்டமாகப் பார்க்கப்படும்.

வரைபடத்தில் நாங்கள் திருத்திய முதல் விடயம் சாய்வுப் பாதை. வெள்ளத்துக்காக நிலத்தை 2 அடி உயர்த்தியிருந்தது, பாதைக்கு விட்டிருந்த இடம் 10 அடி. 1க்கு 12 என்ற சரிவுக்கு 24 அடி வேண்டும், இரு முனையிலும் திரும்ப 5 அடி சேர்த்தால் 34. பத்தடியில் கட்டியிருந்தால் சக்கர நாற்காலியை ஒரு பெண் பராமரிப்பாளரால் ஏற்றவே முடியாது. இரண்டாவது, குளியலறைக் கைபிடி. பொள்ளல் சீமெந்துக் கல்லில் ஆணி அடித்து மாட்டினால் ஆறு மாதத்தில் கையோடு வரும். கைபிடி வரும் வரிசைக் கற்களைப் பூச்சுக்கு முன்பே கொங்கிறீட் நிரப்ப வேண்டும், இதை விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதவேண்டும். எழுதாத வேலையை யாரும் செய்யமாட்டார்கள்.

கட்டடத்தை விடக் கடினமானது மீண்டெழும் செலவு, அதாவது இல்லத்தை நடத்த ஆண்டுதோறும் வரும் செலவு. கட்டுமானப் பணத்தில் சம்பளமும் சாப்பாடும் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் மாநிலங்கள் முன்னாள் படைவீரர் இல்லம் கட்டும்போது மத்திய அரசு 65 வீதம் வரை தருகிறது. ஆனால் தன் 35 வீதத்தை ஒதுக்கிக் காட்டிய மாநிலத்துக்கே முன்வரிசை. அந்த ஒழுங்கு எங்களுக்கும் தேவை: நடத்தும் பணம் எங்கிருந்து வரும் என்று காட்டாத கோப்பில் அத்திவாரக் கல் வைக்கவே கூடாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான பதிவையும் கட்டடம் எழும்பும்போதே தொடங்கலாம்.

ஆளணியைக் கணக்கிடும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. இரவும் பகலும் ஒருவர் நிற்க வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒருவருக்கு 40 மணித்தியாலம் என்றால் நாலு பேர் போதாது, ஐந்தாவது ஆள் வேண்டும். ஆளணி அனுமதிக் கடிதத்தில் "பராமரிப்பாளர் 2" என்று போட்டுவிட்டால் இரவில் அந்தக் கட்டடத்தில் முதியவர்கள் தனியாகத்தான் இருப்பார்கள்.