தாத்தாய் வீட்டில்

ஜனவரி 11, 2025, சனி

மணிலாவிலிருந்து இரவுப் பேருந்து. விடியும்போது இசரோக் மலையை மேகம் மூடியிருந்தது. பிலியில் இறங்கி டிரைசிக்கிளில் ஊருக்குள் திரும்பியதுமே, தெருவை அடைத்துப் போட்ட பந்தல் கண்ணில் பட்டது. மாமனார் நேற்று விடியற்காலை போய்விட்டார். வயது 78.

கூடத்தில் பெட்டி. கண்ணாடிக்கு அடியில் வெள்ளை பாரோங் சட்டையில் படுத்திருக்கிறார். கையில் ஜெபமாலை, ஒரு இடத்தில் அறுத்து வைத்திருக்கிறார்கள். முழுசாக வைத்தால் சாவு அடுத்த ஆளையும் கோத்துக்கொண்டு போகும் என்கிறார்கள்.

இவர்கள் அப்பாவைக் கூப்பிடுவது 'தாத்தாய்'. சிங்கப்பூரில் என் மனைவி போனில் அப்படிக் கூப்பிட்டதை முதலில் கேட்டபோது, தாத்தாவோடுதான் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவரிடம் அதைச் சொன்ன பிறகு, என்னிடம் பேசும்போது மட்டும் குரலை நடுங்கவைத்துக் கிழவர் மாதிரி பேசுவார்.

ஜனவரி 12, ஞாயிறு

வந்த விருந்தாளியை வாசல்வரை வழியனுப்பப் போய் மாமியாரிடம் திட்டு வாங்கினேன். சாவு வீட்டில் வழியனுப்பக்கூடாது, பெருக்கவும் கூடாது. நம்மூரில் 'போய்ட்டு வர்றேன்' சொல்லாமல் கிளம்புவது மாதிரிதான்.

யாரும் அவரைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. 'காப்' என்கிறார்கள். பாரங்காய் என்றால் ஏறக்குறைய நம் ஊராட்சி. 1997 முதல் 2007 வரை அதற்கு இவர் கேப்டன். பதவி போய்ப் பதினேழு வருஷம் ஆகியும் காப்தான்.

வேலையில் பாதி பஞ்சாயத்து. ஒரே ஊருக்குள் நடக்கும் வேலித் தகராறு, கைமாற்றுக் கடன் போன்றவை கோர்ட்டுக்குப் போகுமுன் லூபோன் என்ற சமாதானக் குழுவுக்கு வரவேண்டும் என்பது இங்கே சட்டம். வக்கீல் உள்ளே வரக்கூடாது. முதல் 15 நாள் கேப்டன் பேசிப் பார்ப்பார், முடியாவிட்டால் மூன்று பேர் உட்காருவார்கள். இவர் அந்த 15 நாளில் ஒன்றையும் விடமாட்டாராம். இரண்டு தரப்பையும் தினம் வரச்சொல்லி ஒரே பெஞ்சில் காத்திருக்க வைப்பார். அலுத்துப்போய் அவர்களே சமாதானமாகிவிடுவார்கள்.

மூத்த மச்சான் ஒரு கதை சொன்னார். தன் பிறந்தநாளுக்கு வாடகை வீடியோக்கே (திரையில் வரி பார்த்துப் பாடும் கரோக்கி) பெட்டி வைத்து ராத்திரி ஒரு மணிவரை பாட்டு. எதிர்வீட்டுக்காரர் காலையில் போய்ப் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டார். கேப்டன் மகனுக்குச் சம்மன் அனுப்பினார். விசாரணையில் தான் உட்காராமல், குழுவிலிருந்த ஓய்வுபெற்ற டீச்சரை உட்காரவைத்தார். தீர்ப்பு: மகன் மன்னிப்புக் கேட்கவேண்டும், இனி ஊரில் பத்து மணிக்கு மேல் பாட்டு கிடையாது. மச்சான் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூன்று மாசம் அப்பாவோடு பேசவில்லை என்பதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

ஜனவரி 13, திங்கள்

சுவரில் பெனாஃபிரான்சியா மாதா படம், பக்கத்தில் ஜெஸ்ஸி ரொப்ரேடோ படம். 1988-ல், 29 வயதில் பக்கத்து நகரமான நாகாவுக்கு மேயர் ஆனவர். பிறகு உள்துறை, உள்ளாட்சி அமைச்சர். 2012 ஆகஸ்ட் 18 அன்று செபுவிலிருந்து நாகா வந்துகொண்டிருந்த சிறிய விமானம் மஸ்பாத்தே கடலில் விழுந்து இறந்தார். வெள்ளம் வடிந்ததும் ரப்பர் செருப்போடு மண்வெட்டி எடுத்துச் சேறு வாரிய மேயர் என்று தாத்தாய் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ரொப்ரேடோவுக்கான அஞ்சலி வரிசையில் தாத்தாயும் செருப்போடுதான் நின்றாராம். பெருமையா, இல்லை ஷூ இல்லையா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பந்தலில் ராத்திரி முழுக்கச் சீட்டு. ஜெயித்ததில் ஒரு பங்கு சாவு வீட்டுக்கு. அதுபோக வருகிறவர்கள் கொடுக்கும் 'அபுலோய்'. மொய்தான், வேறென்ன. மச்சினி ஒருத்தி நோட்டில் வரிசையாக எழுதுகிறாள்: 100 பேசோ, 50 பேசோ, அரை மூட்டை அரிசி, ஒரு கோழி.

மாமியார் உள்ளேயிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். தாத்தாய் மற்ற சாவுகளுக்குக் கொடுத்த கணக்கு. திரும்ப வந்ததைச் சரிபார்க்கத்தான் திறந்தார். நாலாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. தனக்குத் தெரியாமல் போன தொகைகள். பன்றி விற்ற பணம், நெல் விற்ற பணம். அப்போது கேப்டனுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச மதிப்பூதியம் மாசம் 1,000 பேசோ. அதையும் தாண்டிக் கொடுத்திருக்கிறார். நோட்டைக் கண்ணாடிமேல் வைத்து, பிக்கோல் மொழியில் அரைமணி நேரம் திட்டினார். சீட்டாட்டம் நின்றுபோய் எல்லாரும் கேட்டார்கள்.

ஜனவரி 15, புதன்

ராத்திரி இவள் தூங்கவில்லை. 2006 நவம்பர் 30, ரெமிங் புயல். மயோன் எரிமலைச் சாம்பல் சேறாக இறங்கி அல்பாய் ஊர்களைப் புதைத்த அதே புயல். இங்கே கூரைகள் பறந்தன. தாத்தாய் ஊரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து அங்கேயே இருந்துவிட்டார். வீட்டிலிருந்த நாலு பேரையும் கூட்டிப்போக ஒருவரை அனுப்பியதாக அவர் சொல்வார். யாரும் வரவில்லை என்பாள் இவள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். நிவாரண அரிசி வந்தபோது பட்டியலில் இவர்கள் வீடு கடைசி. அதற்குள் அரிசி தீர்ந்து, நூடுல்ஸ் மட்டும் கிடைத்தது.

"எல்லாரும் வந்து அவரைப் பத்திச் சொல்றாங்க. நானும் தலையாட்டிட்டு இருக்கேன்," என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. அந்த மேஜைமேல்தான் இப்போது காப்பியும் பிஸ்கட்டும் வைத்திருக்கிறோம்.

ஜனவரி 16, வியாழன்

அடக்கம். பெட்டியைத் தூக்குமுன் பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெட்டிக்குமேல் கைமாற்றித் தாண்டவைத்தார்கள், ஆவி அவர்களைத் தேடி வராதிருக்க. எங்கள் மகன் கனம். இரண்டு மச்சான்களும் சேர்ந்து தூக்கினார்கள். மழை.

ஜனவரி 18, சனி

ஒன்பதாம் நாள் ஜெபம். பன்சித் நூடுல்ஸ், வாழையிலையில் சோறு, தேங்காய்ப்பாலில் சேப்பங்கிழங்கு இலை. கடைசியில் மூத்த மச்சான் வீடியோக்கே பெட்டியை இழுத்து வந்தார். அத்தைமார்கள் முணுமுணுத்தார்கள். மாமியார், "பாடட்டும், அவருக்குப் பிடிக்கும்," என்றார். இவளும் பாடினாள், சுருதி சேராமல்.

பத்து மணிக்கு மச்சான் சுவிட்சை அணைத்தார். ஒரு நிமிஷம்கூடத் தாண்டவில்லை.

எதிர்வீட்டுக்காரர், அதே எதிர்வீட்டுக்காரர், பனியனோடு வாசலுக்கு வந்தார். தான் இன்னும் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை, அதற்குள் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.